நெல்லைப் பக்கத்தில் முதல் கிட்டார் வாங்குகிறவர்களுக்கு: பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஒரு முழுமையான வழிகாட்டி

கிட்டார் பழக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேரம் இல்லை, மாஸ்டர் சரியில்லை என்று பல காரணம் வரும். கொஞ்சம் தோண்டினால் அடியில் இருப்பது விரல் வலி. எந்தக் கிட்டாரும் முதல் சில வாரம் விரல் நுனியை நோகடிக்கத்தான் செய்யும். தோல் தடித்ததும் அது போய்விடும். ஆனால் கம்பி தேவைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிற கிட்டாரில் மாதக்கணக்கில் அழுத்தினாலும் வலி நிற்காது, சுரமும் சுத்தமாக வராது. பழகுகிற பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து அதைப் பரண்மேல் ஏற்றிவிடும்.

அதனால் குறைந்த விலையில் வாங்கும்போது பார்க்கவேண்டியது மூன்றே விஷயம்: கழுத்து நேராக இருக்கிறதா, கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, சுருதி நிற்கிறதா. ஒலியின் இனிமை, மரத்தின் ஜாதி, பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்லுவார்.

எஃகுக் கம்பியா, நைலான் கம்பியா?

இதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டு, கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டு) வாசித்துக்கொண்டே பாடுவது, இதெல்லாம் நோக்கம் என்றால் எஃகுக் கம்பிக் கிட்டார். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று பாடகர் குழு இருக்கிற ஊர்களில் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு போவது இதைத்தான். ஓசை கணீரென்று வரும், கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது அமுங்காது.

நைலான் கம்பி போட்டது கிளாசிக்கல் கிட்டார். கம்பி மெத்தென்று இருப்பதால் விரல் வலி குறைவு. ஆனால் கழுத்து அகலம். தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து நிற்கிற நட் என்ற துண்டு, கிளாசிக்கலில் 52 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எஃகுக் கம்பிக் கிட்டாரில் 43 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு அந்த ஒன்பது மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். ட்ரினிட்டி மாதிரி கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் நைலான்தான் வேண்டும். வேறு யோசனையே வேண்டாம். வகுப்புக்குச் சேரப்போகிற மாஸ்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் எதில் சொல்லித் தருகிறாரோ அதை வாங்கினால் சண்டை இல்லை.

ஒரு எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் ‘சத்தம் பத்தலை’ என்று எஃகுக் கம்பி மாட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கிற விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். நைலானில் அது 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகை அந்தக் குறைந்த இழுப்புக்காகச் செய்தது. எஃகு மாட்டினால், உடம்பின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் என்ற கட்டை பெயர்ந்துகொண்டு வரும், அல்லது பலகை உப்பிவிடும்.

அளவு

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் முழு அளவு. எட்டிலிருந்து பதினொன்று வரை முக்கால் அளவு, அதாவது கடையில் 36 இன்ச் என்று சொல்வது. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அரை அளவு. வயதை விடக் கையை நம்புங்கள்: பிள்ளையை உட்காரவைத்து மடியில் கிட்டாரைக் கொடுத்து, இடது கையால் தலைப்பக்கத்து முதல் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) தொடச் சொல்லுங்கள். முழங்கை வளைந்தபடியே எட்டினால் சரி. கை நீட்டி விறைத்துக்கொண்டு எட்டினால் ஒரு அளவு குறையுங்கள். ‘வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கிருவோம்’ என்ற கணக்கு சட்டைக்குச் சரிப்படும், இதற்குச் சரிப்படாது.

பெரியவர்களுக்கு 38, 39, 40, 41 இன்ச் என்று விதவிதமாகக் காட்டுவார்கள். 41 இன்ச் என்பது ட்ரெட்நாட் என்ற அகலமான உடம்பு. ஓசை அதிகம், ஆனால் குள்ளமானவர்களுக்கு வலது தோள் மேலே தூக்கிக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து பழக 38 முதல் 40 வரை போதும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கைக் கிட்டாரிலேயே ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பலருக்கு அது பழகிவிடுகிறது. இடது கைக் கிட்டார் நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

இரண்டாயிரத்துக்குக் கீழே உள்ளது பெரும்பாலும் கிட்டார் வடிவத்தில் ஒரு விளையாட்டுச் சாமான். சுவரில் மாட்டலாம். மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை உள்ளதில் பழகத் தகுந்தது கிடைக்கும், ஆனால் ஒரே மாடலில் ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்தில் தொங்குவது படுமோசமாக இருக்கும். கொல்கத்தாத் தயாரிப்பான கிவ்சன், ஹாப்னர், இப்போது ஆன்லைனில் நிறையப் போகிற ஜுவாரெஸ், கேடன்ஸ் எல்லாம் இந்த வட்டாரத்திலும் இதற்கு ஒரு படி மேலும் உலவுகிறவை. பத்தாயிரத்தை ஒட்டி யமஹாவின் எஃப்310 எஃகுக் கம்பியிலும் சி40 நைலானிலும் வருகின்றன. இவற்றின் பலம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் குறைவு என்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஏமாற்றம் குறைவு. பின்னால் விற்கும்போதும் விலை போகும்.

கையில் இருப்பதையெல்லாம் கிட்டாருக்கே போட்டுவிடாதீர்கள். ஏழாயிரம் இருந்தால் கிட்டாருக்கு ஐந்தரை ஆயிரத்துக்கு மேல் போக வேண்டாம். மீதியில் பஞ்சு வைத்த நல்ல உறை, ஒரு செட் எக்ஸ்ட்ரா லைட் (மெல்லிய) கம்பி, தலையில் மாட்டிச் சுருதி பார்க்கிற கிளிப் டியூனர், கம்பி உயரத்தைச் சரிசெய்யும் செட்டப் கூலி, இத்தனையும் வரவேண்டும். செட்டப் செய்த ஐயாயிரம் ரூபாய்க் கிட்டார், செட்டப் செய்யாத எட்டாயிரம் ரூபாய்க் கிட்டாரை விட வாசிக்க எளிதாக இருக்கும். இதைக் கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெல்ட், பிக், கேப்போ, கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து ‘காம்போ’ என்று தருவார்கள். அந்த உறை மழைக்கோட்டுத் துணி கனத்தில் இருந்தால் அதன் மதிப்பு சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக் குத்தி ஸ்பீக்கரில் போடுகிற எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் மாடலும் இப்போது வேண்டாம். அதே விலைக்கு உள்ளே மின்கருவி வைக்கவேண்டும் என்றால் மரவேலையில்தான் கை வைத்திருப்பார்கள். சர்ச்சில் மேடையேறும் நாள் வந்தால் ஓசைத் துளையில் பொருத்துகிற பிக்கப் தனியாகக் கிடைக்கிறது.

மரமும் நம் ஊர் வெயிலும்

மேல்பலகை இரண்டு வகை. ஒரே மரத்துண்டில் அறுத்த பலகை ஒன்று. மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் இன்னொன்று. ஒரே மரப்பலகை ஓசையில் மேல், நாள் ஆக ஆக இன்னும் நன்றாகும் என்பார்கள். நாம் பேசுகிற விலையில் கிடைப்பது அநேகமாக லேமினேட். ஸ்ப்ரூஸ் மரம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மேல் ஏடு மட்டும் ஸ்ப்ரூஸாக இருக்கும்.

நெல்லைக்கு முதல் கிட்டார் என்றால் லேமினேட்டைக் குறையாக நினைக்கவே வேண்டியதில்லை என்பது என் கட்சி. மரம் ஈரத்தை இழுத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நமக்கு அப்படி ஒரு சீரான காலநிலை எங்கே இருக்கிறது? தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரல் அடித்துச் சுவரெல்லாம் நமுத்துப்போயிருக்கும். அதே வாரத்தில் மலையின் மழைமறைவில் இருக்கிற திருநெல்வேலியிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற வறண்ட காற்று வீசும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கும் அடைமழை. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் வருஷம் முழுக்க உப்புக்காற்று. ஏடு ஏடாக மாற்றி மாற்றி ஒட்டிய லேமினேட் இந்த ஏற்ற இறக்கத்தில் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. ஒரே மரப்பலகையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகு இரண்டாவது கிட்டாராக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஈரக்காலத்தில் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும். வறண்ட காலத்தில் பலகை அமுங்கிக் கம்பி தாழும், சில ஃப்ரெட்டில் ‘ஸ்ஸ்’ என்று அதிரும், ஃப்ரெட் முனைகள் கழுத்து ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். கார்த்திகை மழையில் வாங்கிய கிட்டார் சித்திரையில் அதிர ஆரம்பித்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

கடையில் சோதிப்பது

வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. ஆள் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். கீழே உள்ள சோதனைகளுக்கு ஒரு பாட்டும் தெரிந்திருக்க வேண்டாம். டிசம்பரில் கேரல் கூட்டம் மொய்க்கிற சாயங்காலமும், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த முதல் வாரமும் போகாதீர்கள். நான்கு பேர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கம்பி அதிர்வது காதில் விழாது. வேலைநாளில் கடை திறந்த வேளைக்குப் போனால் டவுனானாலும் ஜங்ஷனானாலும் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். பையில் சாதாரணத் தட்டை ஏ.டி.எம். அட்டைகள் நான்கு, போனில் ஒரு டியூனர் ஆப், இவை போதும்.

முதலில் டியூன் செய்யுங்கள். டியூன் இல்லாத கிட்டாரில் எந்தச் சோதனையும் செல்லாது. கம்பி தளர்ந்திருந்தால் கழுத்தின் வளைவே வேறாக இருக்கும். தடித்த ஆறாம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. டியூனிங் சாவியைத் திருப்பும்போது கையைக் கவனியுங்கள். திருப்பிய உடனே சுருதி நகரவேண்டும். கொஞ்ச தூரம் சும்மா சுற்றி அப்புறம் பிடித்தால் பல்சக்கரத்தில் தளர்ச்சி இருக்கிறது. ‘டிக்’ என்று சத்தத்தோடு சுருதி தாவினால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யலாம்.

அடுத்தது கழுத்து. உடம்புப் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, கழுத்தின் ஓரத்தை நேர்கோடாகப் பாருங்கள். ஆசாரி பலகையைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அதே பார்வை. நடுவில் மயிரிழைக் குழிவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். முறுக்கிக்கொண்டு போயிருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினாலாம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2, 0.3 மில்லிமீட்டர் அளவில் வெளிச்சம் தெரிந்தால் சரி. கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கிடந்தாலோ, இடைவெளி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலோ கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ‘இதில் ட்ரஸ் ராட் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இருந்தால் தலையில் சின்ன மூடிக்கு அடியிலோ, ஓசைத் துளைக்குள்ளோ அதன் முனை தெரியும். முனையைக் காட்ட முடியாத எஃகுக் கம்பிக் கிட்டாரை விட்டுவிடுங்கள். நைலான் கிட்டாரில் பெரும்பாலும் ட்ரஸ் ராட் இருக்காது, அது குறை இல்லை.

இப்போது கம்பி உயரம், கிட்டார் ஆட்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது. ஒரு ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ 2.3, நான்கை அடுக்கினால் மூன்று மில்லிமீட்டர். எழுத்து புடைத்த பழைய அட்டை வேண்டாம், கணக்கு தப்பும். மூன்று அட்டையைச் சேர்த்துப் பிடித்து, அதன் மூலையைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஆறாம் கம்பிக்கு அடியில் மெல்லச் செருகுங்கள். அட்டை பிரிட்ஜ் பக்கம் நீண்டு கிடக்கட்டும், தலைப்பக்க விளிம்பு சரியாகப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் நிற்கட்டும். கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் அருமை. நான்கு அட்டையும் தாராளமாகப் போய் வந்தால் புதிதாகப் பழகுகிறவருக்கு அது உயரம். மெல்லிய முதல் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் தாழ்வாக, இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கவேண்டும். நைலான் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் கம்பி அகலமாக ஆடும் என்பதால் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இயல்பு.

உயரமாக இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கிற வெள்ளைத் துண்டைப் பாருங்கள். அதுதான் சேடில். அது பிரிட்ஜுக்கு மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் எழும்பி நின்றால் அடியில் தேய்த்து இறக்கலாம். ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறையும். சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது, ஆனாலும் கம்பி உயரம் என்றால் கழுத்து பொருத்தின கோணமே கெட்டுவிட்டது. அந்த விலையில் அதைச் சரிசெய்ய முடியாது. என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றம் தப்பும்.

நட் பக்கமும் ஒரு பார்வை. கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் எஃப் கார்டு பிடிக்கும்போது உயிர் போகும். மலிவுக் கிட்டார்களில் அடிக்கடி இருக்கிற குறை இதுதான். நட் பள்ளத்தைச் சன்னமான அரத்தால் ஆழப்படுத்தினால் தீர்ந்தது.

அப்புறம் பொறுமையான வேலை. ஒவ்வொரு கம்பியாக, முதல் ஃப்ரெட்டிலிருந்து உடம்பைத் தொடுகிற ஃப்ரெட் வரை அழுத்தி அழுத்தி ஒரு தட்டுத் தட்டுங்கள். அதிர்வு எங்கே வருகிறது? எல்லா இடத்திலும் லேசாக அதிர்ந்தால் கம்பி ரொம்பத் தாழ்வு, செட்டப்பில் போகும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் அதிர்ந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதே மாடலில் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெல்லையப்பர் கோவில் இசைத்தூணைத் தட்டிப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு தூணிலும் காது வைத்துத்தானே கேட்கிறார்கள்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் திறந்த கம்பியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வரவேண்டும். டியூனர் ஆப்பில் முள் நடுவை ஒட்டியே நின்றால் நல்லது. பத்து சென்ட்டுக்கு மேல் விலகினால் (ஒரு அரைச்சுரம் என்பது நூறு சென்ட்) கழுத்தின் மேல்பகுதியில் எந்தக் கார்டும் சேராது. எல்லாக் கம்பியும் மேலேயே ஓடினால் கம்பி உயரத்தால் இருக்கலாம், இறக்கினால் குறையும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் வேறு கிட்டார் பாருங்கள்.

கடைசியாகக் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை குத்துகிறதா என்று. பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள், நுழையவே கூடாது.

பேரம்

இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதை விட வேலையாக வாங்குங்கள். “அண்ணாச்சி, விலையெல்லாம் குறைக்க வேண்டாம். சேடிலைக் கொஞ்சம் இறக்கி, எக்ஸ்ட்ரா லைட் கம்பி மாட்டித் தந்துருங்க” என்று கேட்டால் பல கடைகளில் “சரி, சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுங்க” என்பார்கள். அவர்களுக்கு அது அரைமணி வேலை, உங்களுக்கு ஆறு மாத நிம்மதி. கடையில் செய்கிற ஆள் இல்லை என்றால் உங்கள் மாஸ்டருக்கு ஒருவரைத் தெரிந்திருக்கும்.

எஃகுக் கம்பியில் லைட் என்பதில் முதல் கம்பி 0.012 இன்ச் கனம். எக்ஸ்ட்ரா லைட்டில் 0.010. புதிதாகப் பழகுகிறவருக்கு எக்ஸ்ட்ரா லைட்டே நல்லது. ஓசை கொஞ்சம் மெலிந்துபோகும், அதனால் குடி முழுகிவிடாது. ட்ரஸ் ராடை மட்டும் வீடியோ பார்த்து நீங்களே திருப்பாதீர்கள். பழகினவர்களே ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பமாட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கினால்

மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் வீட்டில் செய்யவேண்டும், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துவையுங்கள். கத்திரி வெயிலில் கூரியர் வண்டியில் வெந்துபோய் வந்திருந்தால் சில மணி நேரம் நிழலில் வைத்து, அப்புறம் பிரித்து, அப்புறம் டியூன் செய்யுங்கள். மூன்று, நான்காயிரம் ரூபாய்க் கிட்டாரை ஆன்லைனில் வாங்க நான் சொல்லமாட்டேன். அந்த விலையில் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம். பத்தாயிரத்தை ஒட்டிய பெயர் பெற்ற மாடல் என்றால் துணிந்து வாங்கலாம்.

பழைய கிட்டார்

பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. படிப்பு முடிந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பையன்கள் கிட்டாரை விட்டுவிட்டுப் போவார்கள். கொரோனா ஊரடங்கில் ஆர்வத்தோடு வாங்கி ஆறு மாதத்தில் பீரோமேல் ஏறியவையும் நிறைய. புதுவிலையில் பாதி, அதற்கும் கொஞ்சம் மேல் வரை கொடுக்கலாம். பத்தாயிரம் ரூபாய்க் கிட்டார் ஐந்தாயிரத்துக்கு அமைந்தால் அதுதான் இந்தக் கட்டுரையிலேயே சிறந்த பேரம்.

பார்க்கவேண்டியவை கூடுதலாக மூன்று. தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் பின்பக்கம் மெல்லிய கோடு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். கீழே விழுந்த கிட்டார் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை வயிறு தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். துருப்பிடித்த கம்பியும் தூசியும் பிரச்சினையே இல்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பஸ்ஸில் போகிறவர்கள், டிரைவர் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று எஞ்சின் மூடிமேல் கிட்டாரைப் படுக்கவைக்காதீர்கள். பிரிட்ஜை ஒட்டிய பசை சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவதும் அதே கதைதான். மடியிலோ இரண்டு காலுக்கு நடுவிலோ தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டவேண்டாம். மேற்குச் சுவர் சாயங்காலம் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். உறைக்குள் வைத்து உள்சுவர் ஓரம் சாய்த்துவையுங்கள். மழைக்காலத்தில் உறைக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம். வறண்ட காற்று அடிக்கிற மாதங்களிலும் ஏ.சி. அறையிலும், மூடியில் துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் பிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டு. சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரம் இருந்தால் போதும். கடலோரத்துக்காரர்கள் வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்துவிடுங்கள். அங்கே கம்பி சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி மாற்றவேண்டி வரும்.

புதுக் கம்பி மாட்டிய முதல் சில நாள் சுருதி நிற்கவே நிற்காது. கம்பி இழுபட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பியையும் விரலால் லேசாக மேலே இழுத்து விட்டு மறுபடி டியூன் செய்தால் சீக்கிரம் படிந்துவிடும். முதலில் அறுவது பெரும்பாலும் மெல்லிய முதல் கம்பி. அதையும் டியூன் செய்யும்போது தெரியாமல் மேல் ஸ்தாயிக்கு ஏற்றித்தான் அறுப்பார்கள். அது மட்டும் தனியாகவும் விற்கும், கிட்டார் வாங்குகிற அன்றே இரண்டு வாங்கி உறைப் பையில் போட்டுவையுங்கள்.